பறவையின் வேகம்

தெற்கு ஒஹாயோவில், செல்போன் சிக்னல்கூட
எட்டிப் பார்க்காத ஒரு மலைமடிப்பில்
எஞ்சினை உடைக்க எங்களுக்குச் சம்பளம்.
உடையாவிட்டால் திட்டு.
உடைந்தாலும் திட்டு,
சரியான விதத்தில் உடையவில்லை என்று.

போன அக்டோபரில்
ஒரு விசிறித் தகட்டின் வேரில் வெடிமருந்து வைத்து
முழு ஓட்டத்தில் பிய்த்தெறிந்தோம்.
எங்கள் ஊரையே விலைபேசக்கூடிய இயந்திரம்
ஒரு கண்சிமிட்டில்
இருமி, உதறி, புகைந்து செத்தது.
உறையைத் தாண்டி ஒரு துணுக்கும் வெளியே வரவில்லை.
கைதட்டினோம்.
வெர்லின் யோக்கமுக்குக் கண் கலங்கிவிட்டது.
மகள் பள்ளி நாடகத்தில் மரமாக நின்றபோதுகூட
இவன் அழவில்லை என்றாள் ரோண்டா.

ரோண்டா ஸ்கேக்ஸ் செத்த பறவைகளுக்குப் பொறுப்பு.
உறைபெட்டிச் சாவி அவள் இடுப்பில்.
கிராம் பிசகாமல் எடை போடுவாள்.
"கோழிக்கடை வைத்திருந்தால் எப்போதோ திவாலாகியிருப்பேன்" என்பாள்.
காற்றுப் பீரங்கியில் பறவையை ஏற்றும்முன்
புதிதாக வந்தவனிடம் மட்டும் ஒரு கேள்வி:
"பனி விட்டுப்போச்சா, தொட்டுப் பார்த்தாயா?"
எல்லோரும் வெளிறிப்போவார்கள்.
மினசோட்டாவிலிருந்து வந்த லிண்ட்க்விஸ்ட் மட்டும்
"உப்பு போட்டா, போடாமலா?" என்று
நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

விமானத்துக்கு ஆபத்து எவையெவை என்று
சாப்பாட்டு மேசையில் ஏலம் விடுவோம்.
ஆலங்கட்டி. எரிமலைச் சாம்பல்.
ஓடுபாதையில் யாரோ மறந்த ஸ்பேனர்.
தலைமை அலுவலகத்திலிருந்து
வெள்ளிக்கிழமை மாலை வரும் மின்னஞ்சல்.
அதோடு ஏலம் முடிந்துவிடும்.

ஏப்ரலில் ஒரு திங்கள்.
உறையைக் கழற்றினால்
எஞ்சினின் வாய்க்குள் கூடு.
கூட்டில் ஒரு கனடா வாத்து, அடியில் ஐந்து முட்டை.
எரியாத அடுப்பில் பூனை தூங்கலாம்,
ஓடாத எஞ்சினில் வாத்து தூங்கக்கூடாதா?

வலசைப் பறவை. கூட்டைத் தொட்டால் வழக்கு.
அனுமதி கேட்டு எழுதினோம்.
அனுமதிக்கு முன் குஞ்சு வந்துவிடும் என்று
அந்த அலுவலகத்துக்காரரே சிரித்தார்.
லிண்ட்க்விஸ்ட் துடைப்பத்தோடு போனான்.
காமிரா வண்டிமேல் காவல் நின்ற ஆண் வாத்து
அவனைக் கார் நிறுத்துமிடம்வரை விரட்டியது.
மூக்குக்கண்ணாடி நொறுங்கியது.
பாதுகாப்பு அதிகாரி அதைப் 'பறவை மோதல்' என்றே
பதிவேட்டில் ஏற்றினார்.

சின்சினாட்டியிலிருந்து மேலாளர் அழைத்தார்.
"எஞ்சின் ஏன் நிற்கிறது?"
"பறவை, சார்."
"எந்தக் கட்டத்தில் உள்ளே போனது?"
"முட்டையிடும் கட்டத்தில்."

அறிக்கையை நான்தான் நிரப்பினேன்.
காரணம்: பறவை.
எண்ணிக்கை: ஒன்று. ஐந்து நிலுவையில்.
எடை: பார்க்க விடவில்லை
(ரோண்டாவின் கையில் இன்னும் தழும்பு).
பறவையின் வேகம்: பூஜ்யம்.
எஞ்சின் நின்ற காலம்: இருபத்தெட்டு நாள்.
இதுவரை நாங்கள் பீரங்கியில் சுட்ட எதுவும்
அத்தனை நேரம் அதை நிறுத்தியதில்லை.

அத்தனை நாளும் முப்பதடி தள்ளி
உறைபெட்டியில் எட்டு வாத்துகள்
தங்கள் முறைக்குக் காத்துக் கிடந்தன.
அதைப் பற்றி யாரும் ஜோக் அடிக்கவில்லை.
வெர்லின் ஆரம்பித்தான்,
பாதியில் காப்பி குடிக்கப் போய்விட்டான்.

மே மாதம் நான்கு பொரிந்தன.
மஞ்சள் பஞ்சாய் உருண்டு விழுந்து
ஓடைவழியே குளத்துக்குப் போயின.
பொரியாத ஐந்தாவதை ரோண்டா எடை பார்த்தாள்.
எதிலும் எழுதவில்லை.

அன்று மாலையே எஞ்சினை ஓட்டினோம்.
எட்டையும் சுட்டோம்.
விழுங்கியது, ஏப்பம் விட்டது,
ஓடிக்கொண்டே இருந்தது.
தேறிவிட்டது.
கைதட்டக் கை தூக்கினோம்.
"பொறுங்கள்" என்றான் வெர்லின்,
ஜன்னலில் மூக்கை அழுத்தி
குளத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினான்.
ஆறு.

பிறகு தட்டினோம்.