மூன்று தட்டு

டப்ளினில் சனிக்கிழமை இரவு.
சோதிக்குப்பத்தில் ஞாயிறாகிவிட்டது.
ஐஸ் ஏற்ற வந்த வண்டி
பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வருகிறது.

ஒற்றைக் கையில் போன்.
மற்றது மாவுக்கட்டில்.

டெக்லன் ராஃபர்ட்டி. லைட்வெயிட். வயது முப்பத்தேழு.
முதுகெல்லாம் செம்புள்ளி, வெயில் காணாத வெள்ளை.
அரைநாள் இவனை வலையிழுக்க விட்டால்
வெந்த இறாலாகத்தான் திரும்புவான்.

கூண்டோரம் இருவரும்
காதும் காதும் வைத்தாற்போல நிற்கிறார்கள்.
நசுங்கிக் காலிஃபிளவராகிப் போன காதுகள்.
ரகசியம் ஒன்றுமில்லை, மூச்சுதான்.

"கை குடுக்காத! டேய், கை குடுக்காத!"
என் மூலையிலிருந்து அமலோர் அண்ணன் கத்தியது
இன்னும் கேட்கிறது.
கொடுத்தேன்.

உழவர்கரைக் கல்யாண மண்டபம்,
மணவறை வைக்கும் இடத்தில் கூண்டு.
வந்திருந்த முந்நூறு பேரில் பாதி எங்கள் குப்பம்,
இரண்டு வேன், மேளம் வேறு.
ஒரு தட்டு தட்டியிருந்தால் விட்டிருப்பான் அந்தக் காரைக்கால் பையன்.
என் கண்ணையே பார்த்துக் காத்திருந்தான்கூட.
நான் மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
முருங்கைக் கிளை முறிகிற மாதிரி
ஒரு சத்தம்.

இதோ, ராஃபர்ட்டியின் கையும் மடங்குகிறது.
பச்சைக்கொடி பிடித்து ஊரே தொண்டை கிழியப் பாட,
எதிராளியின் தொடையில் தட்டுகிறான்,
பக்கத்து வீட்டில் மோர் கேட்கப் போனவன்போல,
மூன்று முறை.

பாட்டு நின்றது.

எழுந்து கையை உதறுகிறான்.
ஐந்து விரலையும் விரித்து, மடக்கி,
அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறான்.

கட்டுக்குள் அரிக்கிறது.
விளிம்பில் மெதுவாகத் தட்டிப் பார்க்கிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
யாரும் விடவில்லை.