விருப்ப வரிசை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டி
எனக்கொரு கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
மே மாதம் வந்தால்
பேட்டையின் பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும்
என் பிளாஸ்டிக் ஸ்டூலில் வந்து உட்காரும்.
பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள்.
அப்பாக்கள் என்னைப் பார்ப்பார்கள்.
"நீயே சொல்லும்மா, எது எட்த்தா வேல கெடைக்கும்?"

என்னைக் கேட்பது வீண்.
ஆசைப்பட்டு இயற்பியல் படித்தவள் நான்.
ஒளியைப் பற்றியே ஒரு வருடம் படித்தேன்.
இப்போது ஒளியைப்
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று விற்கிறேன்.
வேலைக்காகவே பி.காம் எடுத்த வனஜா
எம்.சி. ரோடு துணிக்கடையில்
நாள் முழுக்க நின்றபடி பில் போடுகிறாள்.
எங்கள் இரண்டு பேரையும் வைத்து
யாரும் எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

லோகிதாவை எனக்கு முன்பே தெரியும்.
பத்தாவது படிக்கும்போது
நோட்டுக்குள் இலைகளோடு வந்தாள்.
"இத ஜெராக்ஸ் எடுக்க முடியுமாக்கா?"
கண்ணாடி மேல் குப்பைமேனி, நாயுருவி,
கூட்ஸ் யார்டில் பறித்த எருக்கு.
மூடியை அழுத்தியதில் பால் வடிந்து
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.
திட்டித்தான் அனுப்பினேன்.
ஆனால் தாளில் விழுந்த நரம்புகள்
நான் போகாத ஏதோ ஊரின்
தெருக்களைப் போல இருந்தன.
காசு வாங்க மறந்துவிட்டேன்.

அவள் அப்பா தசரதன்
துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிறவர்.
வலது கையில் இரண்டு விரல் மடங்காது.
"மொதல்ல பி.காம் போடும்மா. ரெண்டாவது பி.சி.ஏ."
"மூணாவது?"
"அது அவ இஸ்டம்."
மூன்றாவதாகத் தாவரவியல் ஏறியது.
அவள் மார்க்குக்கு முதலாவதே கிடைத்துவிடும்.
அது மூன்று பேருக்குமே தெரியும்.
"செடி படிச்சு இன்னா ஆவறது" என்றார்
கேலியாக அல்ல,
பதில் இருந்தால் வாங்கிக்கொள்கிற குரலில்.
என்னிடம் இல்லை.
அவர் பயத்துக்குக் கணக்கு இருந்தது:
வாடகை ஆறாயிரம், குழு லோன்,
சின்னவளின் வலிப்பு மாத்திரை.
நியாயமான பயம்.

கடைசி நாள். ஐந்து மணியோடு முடிகிறது.
நாலரைக்கு விழுந்த கேட் எழவேயில்லை.
நடுவில் வந்து நின்றுகொண்டது சரக்கு வண்டி.
இரண்டு பெட்டிக்கு நடுவே ஏறிக் குதித்து
முட்டியில் கிரீஸோடு ஓடி வந்தாள் லோகிதா.
"அக்கா, வரிசைய மாத்தணும்."

மாற்ற வேண்டுமென்றால் ஓடிபி.
ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும்.

என் போனில் ஸ்பீக்கரைப் போட்டாள்.
அந்தப் பக்கம் கிரேன் சத்தம்.
"அப்பா, ஒரு நம்பர் வந்துக்குதா?"
"வந்துக்குது. இன்னாத்துக்கு?"
ஒரு பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன்.
அவள் அதைக் கேட்கவில்லை.
"வரிசைய மாத்த."

கிரேன் எதையோ தூக்கிற்று.
எதன் மீதோ இறக்கி வைத்தது.
நாலு ஐம்பத்திரண்டு.

"ஏழு," என்றார். "சைபர். நாலு."
அதோடு நின்றார்.
"தங்கச்சிக்கு மாத்திர வாங்கினியா?"
"வாங்கிட்டேம்ப்பா."
"ஒண்ணு. இன்னொரு ஒண்ணு. ஒம்போது."

தாவரவியல் முதலிடத்துக்குப் போனது.
"பி.காமை எடுத்துடவா?" என்றேன்.
யோசித்தாள்.
"இருக்கட்டுங்க்கா. ரெண்டாவதா இருக்கட்டும்."

கேட் எழுந்தது. இரண்டு பக்க ஹாரனும்
ஒன்றாகக் கிளம்பிற்று.
ஐந்து வருடம் கழித்து இதே ஸ்டூலில் உட்கார்ந்து
ஏன்க்கா தடுக்கல என்று அவள் கேட்கலாம்.
கேட்டால் ஒரு டீ வாங்கித் தருவேன்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகவில்லை
அந்த எருக்கம்பால் கறை.
இடது மூலையில், மிளகளவு.
சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்,
யார் எதை நகலெடுத்தாலும்
ஓரத்தில் ஒரு புள்ளி விழுகிறது.
இதுவரை எந்த அதிகாரியும்
அது என்னவென்று கேட்டதில்லை.