போறணைச் சாம்பல்

பால்மா டின்னில் மூன்றாவது தடவையும்
சோளம் கொண்டுவந்தாள் மெற்றில்டா.
மூடியைத் திறக்குமுன் கேட்டாள்:
"சுத்திவளைக்காம சொல்லுங்க மிஸ்,
இத சாப்பிட ஏலுமா, ஏலாதா?"

நாரஹேன்பிட்டியில் எங்கள் ஆய்வுகூடம்
ஏலும், ஏலாது என்ற சொற்களில் பேசுவதில்லை.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பேசும்,
அதுவும் கட்டணம் கட்டினால்.
அவளுடையதை நான்
ஏதோ ஒரு கம்பனியின் மாதிரிகளுக்கிடையே செருகினேன்.
இந்துனில் பார்த்தான். பார்க்காததுபோல்
தராசைத் துடைத்தான்.

யூரியா கிடைக்காத வருசம் தொடங்கியது இது.
ஒன்பதாம் மாடியில் வீடு கொடுத்தார்கள்,
மண் கொடுக்கவில்லை.
தெமட்டகொடையில் ரயில் பாதையோரம்
பாய் அகலத்துக்கு நாலு பாத்தி பிடித்தாள்.
பசளைக்கு, இஸ்மத்தின் பேக்கரியில்
போறணை வழித்த சாம்பல்.
முதற் சாக்கு சும்மா.
இரண்டாவது வேண்டுமென்றால்
ஒரு றாத்தல் பாண் வாங்க வேண்டும்.

இறப்பர் விறகு விலையேறிய பிறகு
இஸ்மத் எரிப்பது
உடைத்த வீடுகளின் கதவும் நிலையும்:
நீலத்தின்மேல் பச்சை, பச்சையின்மேல் மண்ணிறம்,
முப்பது வருசத்துப் பெயின்ற்.
சாம்பலை அரித்தால்
ஆணி வரும், பிணைச்சல் வரும்,
ஒருமுறை தகரத்தில் வீட்டு இலக்கமே வந்தது.
"என்ட கதவும் பாணாப் போயிருக்கும்" என்று
மெற்றில்டா சிரித்தாள்.
நான் பழைய பெயின்றிலிருக்கும் ஈயத்தை
நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பலில் விளைந்ததை அறிய
அதையும் சாம்பலாக்கத்தான் வேண்டும்.
அரைத்த மாவைப் புடக்குகையில் இட்டு
நானூற்றைம்பது பாகையில் இரவு முழுக்க விட்டேன்.
காலையில் மிஞ்சியது ஒரு சிட்டிகை,
வெள்ளை, ஊதினால் போய்விடும்.
மூச்சை அடக்கிக்கொண்டு அமிலத்தில் கரைத்தேன்.

கல்சியம் கூடியிருந்தது.
நாகம் குறைந்திருந்தது.
சாம்பல் மண்ணைக் காரமாக்கும்;
காரமண்ணில் நாகம் புற்றைவிட்டு வராது,
வேர் எவ்வளவு மகுடி ஊதினாலும்.
கதிர் பருத்தது உண்மை.
பருத்த கதிருக்குள்
வளரும் பிள்ளைக்கு வேண்டிய ஒன்று மெலிந்துவிட்டது.

ஈயம்?
பெரும்பங்கை வேரே வைத்துக்கொண்டது.
இலைக்குக் கொஞ்சம்.
மணிக்கு வந்து சேர்ந்தது
கருவியின் கண்ணுக்கே மங்கல்,
எல்லைக்கு வெகு கீழே.
அன்று பின்னேரத் தேத்தண்ணியில்
ஒரு கரண்டி சீனி கூடப் போட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம்.
டின்னின் அடியில்
வேரோடு ஒட்டிவந்த மண்ணையும் பார்த்தேன்.
அந்த எண்ணை எழுதுமுன்
பென்சிலை இரண்டு முறை கூராக்கினேன்.

அவள் வரும்போதெல்லாம் கூட வருவான்
கடைசி மகன் டிலக்சன், இரண்டு வயது.
தாய் களை பிடுங்கும்வரை
பாத்திக்குள்தான் அவன் இருப்பு,
கட்டைவிரல் எந்நேரமும் வாயில்.
சோளத்துக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள்,
அட்டவணையில் பக்கம் உண்டு.
விரலைத் தேடிப் புரட்டினேன்,
ஈரமான, மண் ஒட்டிய விரலை.

அறிக்கையில் "குறிப்புகள்" என்றொரு கட்டம்,
ஒன்றரை அங்குலம்.
அதில் எழுதாமல் தொலைபேசியில் சொன்னேன்:
"சோளம் சாப்பிடலாம் அக்கா.
பருப்போட குடுங்கோ, ஏலுமெண்டா முட்டையோட.
பெயின்ற் மரத்துச் சாம்பல் இனி வேண்டாம்.
பிள்ளையை மட்டும் அந்த மண்ணில விடாதேங்கோ."

அந்தப் பக்கம் ரயில் ஒன்று வந்தது.
கடைசிப் பெட்டி போய்முடியும்வரை
இருவரும் பேசவில்லை.

"அப்ப அவன எங்க மிஸ் வைக்கிறது?"