சந்தை நிலவரம்

நீல மூடிக் குழாயில் கொஞ்சம் குருதி.
இயந்திரம் ஒரு துளி மருந்தை விட்டுச்
செக்கன்களை எண்ணத் தொடங்கும்.
சுணங்கி உறைந்தாலும் ஆபத்து, சட்டென்று உறைந்தாலும் ஆபத்து.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
ஒரு வயல் வரம்பு.
அதில்தான் தவமலர் நடக்க வேண்டும்.

கிளினிக் கொப்பியில் அவளது எண்கள்:
ஒன்று தசம் ஆறு.
ஐந்து தசம் ஒன்று, பல்முரசில் இரத்தம்.
இரண்டு தசம் ஒன்று.
நான்கு தசம் எட்டு.

"குளிசையை ஒழுங்காய்ப் போடுறியளோ?"
"போடுறன் டொக்டர்."
"மறக்கிறேல்லையோ?"
"சாமிக்கு விளக்கு மறந்தாலும் இதை மறவன்."
டொக்டர் நம்பவில்லை.
நானும்தான்.

பதினொரு வயதில் மூட்டுக் காய்ச்சல்.
இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில் யாரோ ஊசி போட்டார்களாம்,
போடவில்லையாம்; அவளுக்குச் சரியாக நினைவில்லை.
முழங்கால் ஆறிவிட்டது. இதயத்துக் கதவு ஆறவில்லை.
முப்பத்தாறில் அதை வெட்டி எடுத்து
செயற்கைக் கதவொன்றைத் தைத்தார்கள்.
ஆய்வுகூடத்தில் சுழலி நின்ற பிறகு எனக்கே கேட்கும்
டிக், டிக் என்று,
நடைபாதைக் கடையில் வாங்கிய மணிக்கூடு போல.

ஈரலில் ஒரு நொதியம் இருக்கிறது.
அதன் முழுப் பெயரைச் சொல்ல ஒரு மூச்சுப் போதாது.
கீரையில் வந்த விற்றமின் கே
உறையவைக்கும் புரதங்களுக்கு உழைத்து முடித்து
வெறுஞ் சாக்காய்க் கிடக்கையில்
அதை உதறி, நிமிர்த்தி,
மறுபடி வேலைக்கு அனுப்புவது அதுதான்.
நீலக் குளிசை செய்வது இவ்வளவே:
சாக்கு உதறுகிறவனின் கையைப் பிடித்து வைத்திருக்கும்,
கதவில் கட்டி பிடிக்காதபடி,
பிடித்த கட்டி கழன்று மூளைக்கு ஏறாதபடி.

ஆனால் புதுச் சாக்குகள் லொறி லொறியாய் வந்திறங்கினால்
பழையதை யார் உதறாவிட்டால்தான் என்ன?

பச்சைமிளகாய் வாங்கத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன்.
கீரைக்குப் பின்னால் தவமலர்.
முளைக்கீரை, வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை.
தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்:
"இண்டைக்கு யாவாரம் படுத்திட்டுது தம்பி.
இனி இவ்வளவும் எங்கட சட்டிக்குள்ளதான்."

அன்றிரவு கொப்பியையும் கலண்டரையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
தீபாவளிக் கிழமை, ஊரெல்லாம் ஆட்டிறைச்சி,
அவளிடம் கட்டுக்கட்டாய் மிச்சம்: ஒன்று தசம் ஆறு.
கார்த்திகை வெள்ளத்தில் தோட்டங்கள் அழுகின,
விற்கவுமில்லை, தின்னவுமில்லை: ஐந்து தசம் ஒன்று.
நல்லூர்க் கொடியேறி ஊரே மரக்கறிக்கு மாறியபோது
பத்து மணிக்கே பெட்டி காலி,
வீட்டில் பாணும் சம்பலும்: நான்கு தசம் எட்டு.
இரண்டு தசம் ஒன்றுக்கு மட்டும் காரணம் அகப்படவில்லை.

ஒன்றரை வருடமாக
குருதி என்று நினைத்து நாங்கள் அளந்தது
திருநெல்வேலிச் சந்தையை.

அடுத்த கிளினிக்கில் சொன்னேன்:
"கீரையை விடவேண்டாம் அக்கா.
ஒவ்வொரு நாளும் ஒரே அளவு, அவ்வளவுதான்."
"அப்ப விக்காததை எறியச் சொல்லுறியளோ?"

அதற்கு எங்கள் இயந்திரத்தில் அலகு இல்லை.
டொக்டர் பேனை மூடியைத் திறந்து மூடினார்.

அவளே கொஞ்ச நேரம் விரலில் எண்ணினாள்.
"மிஞ்சினதை மாட்டுக்காரனுக்குக் குடுக்கலாம்.
விக்கிற நாளிலை ஒரு கட்டை
சாக்குக்குக் கீழை ஒளிச்சு வைக்க வேணும்,
ஆர் கேட்டாலும் முடிஞ்சுதெண்டு சொல்லி.
எண்பது ரூபா நட்டம்.
அதையும் குளிசைக் கணக்கிலை எழுதுங்கோ."

எழுதவில்லை. அதற்குக் கொப்பியில் நிரல் இல்லை.

இந்தமுறை இரண்டு தசம் ஏழு.
டொக்டர் சிவப்புப் பேனையை எடுக்கவே இல்லை.
தவமலர் துண்டை மடித்து மடிக்குள் செருகி
வெளியே பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்,
டிக், டிக், டிக்.

வாற கிழமை தீபாவளி.