வெள்ளிக்கிழமை நாலரை

வத்தலக்குண்டில் வண்டி வாங்கும்போது
காஜா அண்ணன் டயரைக் காட்டினார்,
பானெட்டைத் திறந்து என்ஜினைக் காட்டினார்,
எண்ணெய் ஒழுகலே இல்லை என்று
தாயின் பெயரால் சத்தியம் செய்தார்.
கடைசியாகத் திரையைத் தொட்டார்.
"பத்து இஞ்ச். டிவி மாதிரி."
எட்டாயிரம் கூடச் சொன்னது அதற்குத்தான்.

பின்சீட்டை மடக்கினால் பூண்டு ஆறு மூட்டை.
டிவி எதற்கு என்றான் தவசி.

பெருமாள்மலையில் மேகம் இறங்கியது.
கண்ணாடி உள்பக்கமாக வெளுத்தது.
வெந்காற்றுக்குக் குமிழைத் தேடினேன்.
குமிழ் இல்லை.
திரையில் ஒரு விசிறி. தொட்டால்
உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன்,
அவன் பாதத்துக்குக் காற்று, நெஞ்சுக்குக் காற்று,
கண்ணாடிக்கு மட்டும் அடுத்த பக்கம்.
கையுறையோடு தொட்டால் அசைவதாயில்லை.
பல்லால் கடித்து உருவிவிட்டு
விரலை நீட்டும்போது வளைவு வந்துவிட்டது,
விரல் வழுக்கி எஃப்எம் பாடத் தொடங்கியது.
எதிரே ஒரு பஸ்ஸின் மஞ்சள் விளக்குகள்,
அதன் ஹாரன், அதன் டிரைவர்
என் பரம்பரையைப் பற்றிச் சொன்ன இரண்டு வார்த்தை.
தவசி தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணாடியைத் துடைத்தான்.
"பத்து இஞ்ச்" என்றான்.

மூன்றாவது வாரம் மன்னவனூரில் மூட்டை ஏற்றி முடித்து
சாவியைத் திருப்பினேன். வெள்ளிக்கிழமை நாலரை.
யாரும் தொடாமலே திரை கேட்டது:
வீட்டுக்கா? நாலு மணி ஐந்து நிமிடம்.

என் வீடு வடுகபட்டி.
அது காட்டியது திண்டுக்கல், பேகம்பூரில்
ஒரு தெருமுக்கு.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
ரெஜினா போன், இணைப்பில் இல்லை.
வேலை: கவுஞ்சி, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர்.
நட்சத்திரம் போட்டது ஒன்றே ஒன்று,
பூம்பாறைக்கு இந்தப் பக்கம்,
பெயர் கிடையாது,
திரையில் அங்கே சாலையும் கிடையாது.
வெறும் பச்சை.

அழிச்சிடுங்க என்றான் தவசி.
எல்லாவற்றையும் அழிக்கவா? என்று கேட்டது.
ஆம் என்பதற்கு மேலே என் விரல்,
நகத்தில் ஒரு பூண்டுத் தோல்.
அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த வாரம் நட்சத்திரத்தைத் தொட்டேன்.
நீல அம்பு பச்சைக்குள் நீந்திப் போனது.
சாலையில் சேருங்கள், சாலையில் சேருங்கள் என்றது பெண்குரல்.
சாலையில்தான் போய்க்கொண்டிருந்தோம்.
பிறகு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது.

இறங்கினால் ஒரு வளைவு.
சுண்ணாம்பு அடித்த கல், காய்க்காத பேரிமரம்,
மழையில் வெளுத்த பிஸ்கட் உறை.
பள்ளத்தாக்குகூடத் தெரியவில்லை, யூக்கலிப்டஸ் மறைத்தது.
"இதுக்கா டீசல்?" என்றான் தவசி.

அப்போது என் சட்டைப்பை துடிக்க ஆரம்பித்தது.
ஒன்று. இரண்டு. நிற்கவே இல்லை.
மன்னவனூரில் செத்துக் கிடந்த போனில்
நாலு கோடு சிக்னல்.
மண்டியில் பூண்டு விலை, வங்கித் தவணை,
எட்டு மணிக்குச் சொர்ணம்: சாப்பிட்டாச்சா?
ஒரு மணிக்கு: சாப்பிட்டாச்சா?
மூன்றுக்கு வெறும் கேள்விக்குறி.

தவசி குனிந்து தரையைப் பார்த்தான்.
தார் ஓரத்தில் கறுப்பு வட்டம், கையகலம்,
அதன்மேல் ஒரு வட்டம், அதன்மேல் இன்னொன்று.
பல மாதம் ஒரே இடத்தில் நின்று
சொட்டுச் சொட்டாய் ஒழுகிய எண்ணெய்.
இப்போது எங்கள் வண்டி
சரியாக அதற்கு மேல்தான் நின்றிருந்தது, ஒழுகிக்கொண்டு.
"காஜா அண்ணன் அம்மாவை நெனச்சாப் பாவமா இருக்கு" என்றான்.

நான் சொர்ணத்தைக் கூப்பிட்டேன்.
குழம்பு என்ன என்று கேட்டேன். அவள் சொன்னாள்.
அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் வைக்கவில்லை.

கண்ணாடிக்கான காற்றை இப்போதெல்லாம்
பெருமாள்மலைக்கு முன்பே
டீக்கடையில் நிறுத்தி வைத்துக்கொள்கிறேன்.
வெள்ளிக்கிழமை நாலரைக்கு அது இன்னும் கேட்கிறது,
வீட்டுக்கா?
இல்லை என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பிறகு என்று ஒன்று இருக்கிறது.
பிறகு என்பதைத் தொடுகிறேன்,
கையுறையைக் கழற்றிவிட்டு.