ஒன்பதரை இன்ச்

கத்தியைக் கேளுங்கள், சொல்கிறேன்.
கைப்பிடியில் பச்சை இன்சுலேஷன் டேப்.
சுற்றி முடித்த இடத்தில் நுனி பிரிந்து
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி
மிளகளவு துரு.
நீளம் ஒன்பதரை இன்ச்.
இருபத்திரண்டு வருஷமாக
பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில்
ஆல்டரேஷன் மிஷின் போட்டிருப்பவள் நான்.
கண்ணே எனக்கு அளவு டேப்.

முகத்தைத்தான் கேட்டார்கள்.

கத்திக்கு மேலே ஒரு கை இருந்தது.
கைக்கு மேலே ஒரு சட்டை.
சட்டைக்கு மேலே
தண்ணி லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதி மாதிரி
ஏதோ.

பால் ஏஜென்ட் முனிரத்தினம்
பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்தபடி சரிந்தபோது
என் பல்லிடுக்கில் குண்டூசி இருந்தது.
அதை விழுங்கிவிடக் கூடாது,
அது ஒன்றுதான் தோன்றியது.
பத்து நிமிஷம் நடந்தது சார் என்றேன்.
செல்போன் கடை கேமராவில் வெறும் முதுகுகள்.
பதினொரு செகண்ட்.

"பயப்படாம யோசிங்க, பிலோமினாம்மா" என்றார் ரைட்டர்.
பயப்படாமல் யோசிக்க வேண்டுமென்றால்
அன்றைக்கு நான் அங்கே இருந்திருக்கக் கூடாது.
மாநிறமா? மாநிறம்தான் சார்.
ஒல்லியா? ஆமா, ஒல்லி.
நாலாவது தடவை சொல்லும்போது
அவனுக்கு மீசை வந்துவிட்டது.
யார் வைத்ததென்று தெரியவில்லை.
ஸ்டான்லியில் மூன்றாம் நாள்
முனிரத்தினம் போய்ச் சேர்ந்தார்.
அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு
ஒன்றுமே பேசவில்லை.

புழல் ஜெயிலில் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள்.
ஒரே வயசு, ஒரே மாதிரி தாடி.
மாஜிஸ்திரேட் அம்மா நிதானமாகச் சொன்னார்:
"தெரிஞ்சா தொட்டுக் காட்டுங்க.
தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்."
இரண்டாவது வாக்கியம்
வீடு வந்து சேர்ந்து
கால் கழுவும்போதுதான் எனக்குக் கேட்டது.

பெடல் மிதிக்காமலே ஓடியது நெஞ்சு.
மூன்று. நாலு.
ஐந்தாவது ஆள்.
பார்த்த முகம்.
மாதா சத்தியமாய்ப் பார்த்த முகம்.
தோளைத் தொட்டேன்.
பதினேழரை. இடது பக்கம் அரை இன்ச் இறக்கம்.
கையும் சொன்னது, ஆமாம், தெரியும் என்று.
"அக்கா" என்றான் அவன்.
குத்தினவன் கெஞ்சுகிறான் என்று
திரும்பிக்கொண்டேன்.
அன்று ராத்திரி, சொல்லவே கூசுகிறது,
நன்றாகத் தூங்கினேன்.

நேற்று,
வாங்கிப் போகாத துணிகளின் மூட்டையைப் பிரித்தேன்.
ஊதாக் கட்டம் போட்ட சட்டை.
குத்தியிருந்த சீட்டில் என் கையெழுத்து:
டில்லிபாபு. தோள் பதினேழரை.
இடது அரை பிடிக்கணும். பாக்கி நாற்பது.
தேதி, கொலைக்கு முந்தின வாரம்.

பார்த்த முகம்தான்.
என் ரசம் போன கண்ணாடி முன்னால் நின்று
"மச்சான் கல்யாணம்க்கா, சீக்கிரம் குடுத்துடு"
என்று சிரித்த முகம்.
எங்கே பார்த்தேன் என்கிற துண்டை மட்டும்
கத்தரித்து எங்கோ போட்டுவிட்டு
மிச்சத்தை மடித்து என் கையில் கொடுத்திருக்கிறது
பயம்.

இப்போது கண்ணை மூடினால்
பச்சை டேப், துரு, கை, சட்டை,
அதற்கு மேல் டில்லிபாபு.
புழுதி இருந்த இடத்தில் கச்சிதமாக அவன்.
பிரித்துப் பார்க்கிறேன்.
நூல் வந்துவிடுகிறது.
ஊசி போன துளைகள் அப்படியே நிற்கின்றன.

"அவ்ளோ உறுதியா சொன்னீங்களேம்மா"
என்கிறார் இன்ஸ்பெக்டர், போனில்.
உறுதியாகத்தான் சொன்னேன்.
அந்தத் துருவைச் சொன்னபோதுகூட
அவ்வளவு உறுதி இல்லை.

செவ்வாய்க்கிழமை எழும்பூர் கோர்ட்டில் வாய்தா.
சீட்டோடு சட்டையை எடுத்துப் போகிறேன்.
இடது தோளைப் பிடித்து முடித்துவிட்டேன்.
கத்தியைக் கேட்டால் சொல்வேன்.
முகத்தைக் கேட்டால்
மாஜிஸ்திரேட் அம்மாவின் அந்த இரண்டாவது வாக்கியம்.
வாயில் குண்டூசி இல்லாமல்
போக வேண்டும்.