பழுது பார்த்தல்

லெயோன் ஞானாதிக்கம் கொண்டுவந்தது
தோல்பெட்டிக்குள் இரண்டு குழல்.
பிரெஞ்சு பீரங்கிப் படையின் பைனாகுலர்.
வலது குழலில் கண் வைக்கும் வளையம் இல்லை.
"எங்க சின்னத் தாத்தா சைகோன் போனப்ப"
என்று ஆரம்பித்தார்.
போன மாதம் வேறொரு தாத்தா
அல்ஜீரியா போயிருந்தார்.

நெல்லித்தோப்பில் என் லேத்துக்கு
கரும்புச்சாறு மெஷின் உருளைதான் தினச்சோறு.
இது வேறு பசி.
வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

திறந்தால்
எனக்கு முன்பே கை வைத்தவர்கள்.
ஒருத்தன் தையல் மெஷின் திருகாணியை
அடித்தே இறக்கியிருக்கிறான்.
இன்னொருத்தன் எம்சீல்.
மூன்றாமவன் யோக்கியன்.
ஒன்றையும் தொடாமல்
மூடியின் உட்புறம் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டு மூடிவிட்டான்.

பட்டகத்துக்குள் கடற்காற்று போய்
வெள்ளையாய் வேர் விட்டிருந்தது.
துடைக்கத் துடைக்க
கண்ணாடியைக் கொஞ்சம் தின்றிருப்பதும் தெரிந்தது.
அது அப்படியே இருக்கட்டும்.

மரைதான் வழிக்கு வரவில்லை.
அங்குலக் கணக்கிலும் இல்லை
கடையில் விற்கும் மில்லிமீட்டரிலும் இல்லை.
மெழுகை உருக்கி உள்ளே ஊற்றி
ஆறியபின் திருகி எடுத்து
பூதக்கண்ணாடியில் பல் எண்ணினேன்.
இரண்டு தரம் எண்ணினால் இரண்டு விடை.
"மரை கழண்டுடுச்சா வேதவல்லி,
ஒரு வளையத்துக்கு ரெண்டு நாளு?"
என்றார் பக்கத்து வெல்டிங் பட்டறை சிக்கந்தர் பாய்.
கழண்டதால்தான் பாய் அளவே எடுக்க முடிந்தது.

முதல் வளையம் அரைச் சுற்றில் கடித்து நின்றது.
இரண்டாவது உள்ளே போய் லொடலொடத்தது.
மூன்றாவது
விரலை எடுத்த பிறகும்
தானாகக் கால் சுற்று போய் உட்கார்ந்தது.
சிரித்துவிட்டேன், தனியாக.
வெளிப்புறம் கறுப்பேற்றினேன்.
உள்ளே பித்தளை மஞ்சளாகவே இருக்கிறது.
அடுத்துத் திறப்பவருக்குத் தெரிய வேண்டும்
இது அந்த நாளைய வளையம் இல்லையென்று.

சாயங்காலம் மொட்டை மாடி.
குழல் ஒன்றுக்கு ஒன்றாக
இரண்டு கலங்கரை விளக்கம் தெரிந்தது.
மயிரிழை மயிரிழையாய் விளிம்பைத் திருப்ப
ஒன்று மற்றதன் தோளில் ஏறி
வழுக்கி
மறுபடி ஏறி
ஒன்றே ஆனது.
கண்ணின் சண்டை ஓய்ந்ததும்தான் கவனித்தேன்.
வலது கண்ணில் கோடுகள்.
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று,
அவற்றின்மேல் எறும்பு வரிசையாய்ச் சிறு கோடுகள்.

அப்படியே திருப்பினேன்.
கொடியில் காயும் ஒரு நைட்டி, மூன்று கோடு.
டிஷ் ஆன்டெனாவில் காகம், அரைக்கோடு.
தண்ணீர்த் தொட்டிமேல் நின்று கழுவும்
ஸ்கூல் வேன் ராசாப்பிள்ளை
தலைமுதல் கால்வரை நாலு கோடு.
மனிதன் என்றால் ஒன்றே முக்கால் மீட்டர்
என்பது அவர்கள் பழைய கணக்கு.
நாலு கோடென்றால்
நானூறு மீட்டர் சொச்சம்.
மனம் போடச் சொல்லாமலே போட்ட வகுத்தல்.
பட்டகம் சுத்தம், மரை சுத்தம்,
ராசாப்பிள்ளையின் பனியன் கிழிசல்கூடத் துல்லியம்.
இவ்வளவு நன்றாக நான்
எந்த உருளையையும் செய்ததில்லை.

அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.
பதிலுக்கு அசைக்க
என் இரண்டு கையும் கருவியில்.

ஞானாதிக்கம் வாங்கிப் பார்த்தார்.
"உள்ள கீறல் கீறலா இருக்கே, துடைக்கலையா?"
கீறல் இல்லை, கணக்கு என்றேன்.
நம்பாமல் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.
போகும்போது, வளையத்தில்
பழைய நம்பர் ஒன்று வெட்டித் தர முடியுமா என்றார்.
லேத்தை ஓடவிட்டேன்.
அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

மறுநாள் காலை ராசாப்பிள்ளை,
கையில் கிரைண்டர் புஷ்.
"நேத்து மாடியில என்னமோ வச்சு
என்னையே பாத்துட்டிருந்தீங்களே, என்னது?"

"பழுது பாத்தேன்."

புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்தபடி கேட்டார்,
"எதுல?"